வரைந்து கட்டிய நூலகங்கள்

நூலகங்களின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் நூல்களின் தொகையைக் கூறுவர். அவற்றைத் திரட்டிய மன்னர்களையும் வள்ளல்களையும் கூறுவர். தீயாலும் போராலும் அவை அழிந்த துயரக் கதையையும் கூறுவர். நூலகத்தை எழுப்புவதற்கு முன்னர் ஒருவர் தாளில் இட்ட கோடுகளைப் பற்றிக் கூறுவோர் மிகச் சிலரே. இன்றைய பொழிவில் அக்கோடுகளின் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன். கல்லாலும் மரத்தாலும் கட்டும் நூலகத்தை அன்று, கணிப்பொறியில் அமைக்கும் மின்னூலகத்தையே இங்குக் கருதுகிறேன். அதன் உருவை முதலில் படமாக வரைந்து, அப்படத்திலிருந்தே நூலகத்தை உண்டாக்கலாம் என்னும் எண்ணம் எவ்வாறு பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது, ஏன் வேண்டப்பட்டது என்பவற்றைக் காண்போம்.

வீடு கட்டுவோர்க்கு வரைபடம் எதற்காக? கொத்தனாருக்கு மட்டும் பயன்படுவதற்காக அன்று. வீட்டுக்கு உரியவர் அதைப் பார்த்து, 'அடுக்களைக்கு மேற்கே சன்னல் இல்லையே' என்று சுவர் எழும்புமுன் சொல்வதற்காகவும் ஆகும். மின்னூலகத்திலோ சுவரும் இல்லை, சன்னலும் இல்லை. கட்டி முடித்த பின்னரும் அதன் அமைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. நூல்களை அறிந்தவர் நூலகர். கணிப்பொறியை அறிந்தவர் நிரல் எழுதுபவர். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்குவதில்லை. இவ்விருவரும் கூடி நோக்கி வழக்காடுவதற்கு ஏற்ற ஒரு படம் வேண்டும். அந்தப் படத்தைத் தேடிய வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீண்டது.

அதன் தொடக்கத்தைப் பெல்ஜிய நாட்டின் தலைநகராகிய பிரசல்சில் காண்கிறோம். பால் ஓட்லே என்னும் வழக்கறிஞரும், பின்னாளில் 1913-இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்ற ஆன்றி லா போன்தேனும் 1895-ஆம் ஆண்டில் அங்கே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தினர். உலகில் வெளிவந்த நூல்கள், கட்டுரைகள் அனைத்திற்கும் ஒவ்வோர் அட்டை எழுதி, அவற்றைப் பொருள்வாரியாக இழுப்பறைகளில் அடுக்குவதே அவர்கள் நோக்கம். காலப்போக்கில் அவ்வட்டைகள் ஒரு கோடியைக் கடந்தன. தொலைவிலிருந்து ஒருவர் அஞ்சல்வழி வினவினால், உரிய அட்டைகளைப் பார்த்து விடை அனுப்பினர்.

ஓட்லே எழுதியதோடு நில்லாமல் ஓயாது வரைந்தவரும் ஆவர். உலகப் பொருள்கள் மனத்தில் பதிவது, மனத்திலிருந்து நூலாவது, நூலிலிருந்து அட்டையாவது, அட்டைகள் கூடிக் கலைக்களஞ்சியமாவது ஆகிய நிலைகளையெல்லாம் படங்களாகத் தீட்டினார். ஜெனீவாவில் ஓர் அறிவுநகரம் எழுப்ப எண்ணி, கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவைக் கொண்டு 1929-இல் திட்டமும் வரையச் செய்தார். அது தாளிலேயே நின்றுவிட்டது. 1934-இல் வெளிவந்த தம் பெருநூலில், வீட்டு மேசையில் ஒரு திரையும் தொலைபேசியும் வைத்துக்கொண்டு தொலைவிலுள்ள நூலின் பக்கங்களைப் படிக்கும் ஒரு காலத்தையும் அவர் எழுதிக் காட்டினார். அதே ஆண்டில் அரசாங்கம் அவர் நிலையத்தை மூடிற்று. 1940-இல் பிரசல்சைக் கைப்பற்றிய செருமானியர் தங்கள் கலைக்காட்சிக்கு இடம் வேண்டி அங்கிருந்த பொருள்களை அகற்றினர். ஒரு பகுதி அழிந்தது. எஞ்சியவை இன்று பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரக் காட்சியகத்தில் உள்ளன.

ஓட்லே நூலகத்தை வரைந்து காட்டினார். ஆயின் அவர் படங்கள் பார்ப்பதற்கு உரியவை. அவற்றைக் கொண்டு நேரே ஒன்றைக் கட்ட இயலாது. கட்டுதற்கு உறுப்புகள் வேண்டும். அவ்வெண்ணம் நம் நாட்டவர் ஒருவருக்குத் தோன்றியது. சீகாழியில் 1892-இல் பிறந்த சி. இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்காசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகக் கலை பயில இலண்டன் சென்றார். அங்குள்ள ஒரு பெருங்கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகளும் தண்டுகளும் திருகாணிகளும் கொண்ட பெட்டி அது. அதே உறுப்புகளைக் கொண்டு பாலமும் செய்யலாம், பாரந்தூக்கியும் செய்யலாம். நூல்களைப் பகுக்கும் முறையும் இத்தகையதாக இருத்தல் கூடாதோ என்று அவர் எண்ணினார். உலகிலுள்ள பொருள்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஒவ்வோர் எண் வகுத்து வைக்காமல், சில அடிப்படை உறுப்புகளை மட்டும் வகுத்துக்கொண்டு, வேண்டும்போது அவற்றை முக்காற்புள்ளியால் இணைத்துக்கொள்ளும் முறையை 1933-இல் வெளியிட்டார். கோலன் பகுப்புமுறை என்று அது பெயர்பெற்றது. இந்த மெக்கானோப் பெட்டியை மாணவர்கள் நினைவில் இருத்துக; எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அது வேறோர் உருவில் மீண்டும் வரக் காண்போம்.

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945-ஆம் ஆண்டு சூலையில், அமெரிக்க அறிவியலாளர் வனேவர் புஷ் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனை மேசையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நுண்படச் சுருள்களில் நூல்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று இணைத்துப் படிக்கும் மேசை அது. அவ்வாண்டிலேயே 'லைஃப்' இதழ் அதைப் படங்களுடன் வெளியிட்டது. மக்கள் மனத்தில் நின்றவை அப்படங்களே என்பது என் கருத்து. பின்னர் 1965-இல் லிக்லைடர் என்பவர், வரும் காலத்து நூலகங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் பெயரையும் நினைவிற் கொள்க.

கனவு கண்டவர்கள் ஒருபுறம் இருக்க, உண்மையான நூலகத்தைக் கணிப்பொறிக்குள் கொண்டுவரும் வேலை ஒரு பெண்மணியின் தலையில் விழுந்தது. என்றியெட் ஏவ்ரம் நூலகப் பயிற்சி பெற்றவர் அல்லர். நிரல் எழுதுவதில் தேர்ந்தவர். 1965-இல் வாசிங்டனில் உள்ள காங்கிரசு நூலகத்தில் பணி ஏற்றார். பட்டியல் அட்டையைக் கணிப்பொறி படிக்குமாறு செய்க என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆயின் அட்டையைக் கையில் எடுக்கும் மனிதன், மேல் வரியில் இருப்பது ஆசிரியர் பெயர், அடுத்த வரியில் சற்று உள்ளே தள்ளித் தொடங்குவது நூற்பெயர், கீழே இருப்பது பதிப்பித்த ஊர் என்று இடத்தைக் கொண்டே அறிந்துகொள்கிறான். எந்திரத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நூலகர்களின் கண்ணும் பழக்கமும் பல்லாண்டுகளாகத் தாமே செய்துவந்தவற்றையெல்லாம் ஏவ்ரம் வெளிப்படையாக எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. நூலகர்களிடம் இருந்து அவர்கள் விதிகளைக் கற்றார். அட்டையைத் துண்டுதுண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்றிலக்க எண் ஒன்றைச் சூட்டினார். ஆசிரியர்க்கு 100, நூற்பெயர்க்கு 245 என்பன போல. 1966-இல் பதினாறு நூலகங்களோடு வெள்ளோட்டம் தொடங்கிற்று. 'மார்க்' எனப்படும் அம்முறை இன்றளவும் உலக நூலகங்களில் வழங்குகிறது. நூலகர் வேறு, நிரலர் வேறு என்று இருந்த நிலையில், ஒருவரே இருமொழியும் கற்றமையால் வந்த வெற்றி இது. எல்லா ஊர்களிலும் ஓர் ஏவ்ரம் கிடைப்பாரோ?

கிடையார் ஆதலின், இருவரும் காணக்கூடிய படம் தேவைப்பட்டது. கணிப்பொறியின் வேலையைப் படத்தால் காட்டும் வழக்கம் முன்னரே உண்டு. 1947-இல் கோல்ட்ஸ்டைனும் வான் நாய்மனும் நிரலின் போக்கைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் வரைந்தனர். ஆயினும் அவை எந்திரம் செய்யும் வேலையின் படங்கள்; உலகத்துப் பொருள்களின் படங்கள் அல்ல. அம்மாற்றத்தை உண்டாக்கியவர் தைவானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பீட்டர் சென். 1976-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டே வடிவங்கள் முதன்மையானவை. பொருளுக்கு நீள்சதுரம், பொருள்களுக்கு இடையே உள்ள உறவுக்குச் சாய்சதுரம்.

இதைக் கரும்பலகையில் வரைவதாகக் கொள்வோம். ஒரு கட்டத்தில் 'வாசகர்' என்று எழுதுக. மற்றொரு கட்டத்தில் 'நூல்' என்று எழுதுக. இடையே சாய்சதுரம் இட்டு 'இரவல் பெறுதல்' என்று எழுதிக் கோடுகளால் இணைக்க. இனிக் கோட்டின் மேல் எண்கள் இடவேண்டும். ஒரு வாசகர் பல நூல்கள் பெறலாமா? பெறலாம். ஒரு நூலை ஒரே வேளையில் பலர் பெறலாமா? 'முடியாது' என்பார் நூலகர். உடனே வகுப்பின் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், 'ஐயா, நம் நூலகத்தில் திருக்குறள் மூன்று இருக்கின்றனவே, மூவர் எடுத்துப் போகலாமே' என்பான். அவன் சொல்வது சரி. 'நூல்' என்ற ஒரே கட்டம் போதாது. 'படி' என்று வேறொரு கட்டம் வேண்டும். வாசகர் இரவல் பெறுவது படியையே, நூலை அன்று. நிரலில் நூறு வரி எழுதிய பின்னர் இப்பிழை தெரியவந்திருந்தால் எத்துணைத் துன்பம்! படத்திலோ அழிப்பான் ஒன்றே போதும். நிரல் அறியாத மாணவன் அதைக் கண்டுபிடித்தான் என்பதே இங்கு முதன்மையான செய்தி.

நூலகர்களே பின்னர் இப்படமுறையைக் கையில் எடுத்துத் தங்கள் தொழிலின் அடிப்படையையே ஆராய்ந்தனர். உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998-இல் வெளியிட்ட அறிக்கை, 'நூல்' என்று நாம் ஒரே சொல்லால் கூறுவதை நான்காகப் பிரித்தது. வள்ளுவர் இயற்றிய குறள் ஒரு படைப்பு. போப்பையர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படைப்பின் ஒரு வெளிப்பாடு. அது 1886-இல் அச்சாகி வந்தது ஒரு பதிப்பு. உங்கள் கல்லூரி அலமாரியில் முதுகுத்துணி கிழிந்து நிற்பது ஒரு படி. நூலகர்கள் நெடுங்காலமாக ஓரளவு உணர்ந்தே இருந்த வேற்றுமைதான் இது. எனினும் கட்டங்களாக வரைந்து கோடிட்ட பின்னரே அதைத் திட்டவட்டமாகப் பேச முடிந்தது.

இதற்கிடையில் 1994-இல் அமெரிக்க அரசின் அறிவியல், பாதுகாப்பு, விண்வெளித் துறைகள் சேர்ந்து ஆறு பல்கலைக்கழகத் திட்டங்களுக்குப் பொருளுதவி செய்து, மின்னூலக ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தன. கூகுள் பிறந்தது அவற்றுள் ஒன்றாகிய ஸ்டான்ஃபோர்டுத் திட்டத்தின் நிழலிலேயே. ஆராய்ச்சி பெருகியது, குழப்பமும் பெருகியது. ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் கட்டினர். 'மின்னூலகம்' என்றால் என்ன என்பதற்கே ஒத்த விளக்கம் இல்லை. சிலர்க்கு அது படங்களின் தொகுதி; சிலர்க்குத் தேடுபொறி; சிலர்க்கு நூல்களின் களஞ்சியம்.

இக்குழப்பத்தை ஒழுங்குசெய்ய முற்பட்டவர்களுள் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு ஃபாக்ஸ் குறிப்பிடத்தக்கவர். இளமையில் லிக்லைடரிடம் பயின்றவர் அவர். ஆசிரியர் கண்ட கனவு மாணவரிடம் தொடர்ந்தது. அவரும் பிரேசில் நாட்டு அறிஞர் மார்க்கோஸ் கொன்சால்வசும் பிறரும் சேர்ந்து 2004-இல் விரிவாக வெளியிட்ட கோட்பாட்டுக்கு 'ஐந்து எஸ்' என்று பெயர். ஆங்கிலத்தில் எஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் ஐந்து சொற்களால் எந்த மின்னூலகத்தையும் விளக்கிவிடலாம் என்றனர். தமிழில் அவற்றை ஓடை, கட்டமைப்பு, வெளி, நிகழ்முறை, சமுதாயம் எனலாம். நீங்கள் இப்போது படிக்கும் எழுத்துகளின் தொடர் ஓர் ஓடை; வானொலியில் வரும் ஒலியும் ஓடையே. அவ்வோடை இயல், அதிகாரம், பத்தி என்று பிரிந்து நிற்பதும், பட்டியலில் ஆசிரியர் பெயர் முதலியவாக விரிவதும் கட்டமைப்பு. ஒத்த பொருளுடைய நூல்கள் அருகருகேயும், ஒவ்வாதவை அகன்றும் அமைந்து தேடலுக்கு உதவும் கணித அரங்கு வெளியாகும். ஒருவர் தேடுகிறார், கிடைத்ததைத் திறக்கிறார், குறிப்பெடுக்கிறார் என்று அடுத்தடுத்து நிகழ்வதைக் கூறுவது நிகழ்முறை. யார் யாருக்காக இவை என்பதைக் கூறுவது சமுதாயம். அதனுள் மனிதரும் உண்டு, மனிதர்க்காகப் பணிபுரியும் மென்பொருள்களும் உண்டு. கணித நூலோர் முதல் மூன்றோடு நின்றிருப்பர். ஐந்தாவதையும் சேர்த்தமையால்தான் இக்கோட்பாட்டை நான் மதிக்கிறேன்.

கோட்பாடு கணித மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதை ஒரு நூலகர் எவ்வாறு பயன்படுத்துவார்? மீண்டும் பழைய இடர்ப்பாடே. இங்குத்தான் படம் துணைக்கு வந்தது. ஃபாக்ஸின் குழுவினர் 'ஐந்து எஸ் கிராஃப்' என்னும் வரைகருவியை உருவாக்கி, 2003-ஆம் ஆண்டு நார்வே நாட்டு டிரான்ஹைம் நகரில் நடந்த ஐரோப்பிய மின்னூலக மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தனர். திரையின் ஒரு பகுதியில் வரைவதற்கான இடம். மற்றொரு பகுதியில் உறுப்புகள் அடங்கிய பெட்டி. தொகுதி, பட்டியல், தேடற்பணி, உலாவற்பணி, ஆசிரியர், மாணவர் என்று வேண்டிய உறுப்பை எடுத்து உரிய இடத்தில் வைத்து இணைக்கலாம். முன்பு ஒருவர் அமைத்த உறுப்பைச் சேமித்து வைத்துப் பிறர் எடுத்தாளவும் கூடும். அரங்கநாதன் இலண்டன் கடையில் கண்ட மெக்கானோப் பெட்டி இதுவே அன்றோ!

பெட்டி மட்டும் அன்று; கண்டிப்பான ஓர் ஆசிரியரும் அக்கருவிக்குள் இருந்தார் எனலாம். நூலகத்தில் இல்லாத பணியை ஒரு வாசகர் குழுவுக்கு உரியதாக வரைய முயன்றால் கருவி இடங்கொடாது. தாளில் வரையும் படம் பொய்யையும் பொறுத்துக்கொள்ளும். இந்தப் படம் பொறாது. வரைந்து முடித்ததும் அது தனியொரு மொழியில் விளக்கக் கோப்பாக மாறும். அக்கோப்பைக் கொண்டு நூலகப் பணிகளுக்குரிய நிரலைத் தானே ஆக்கும் துணைக்கருவி ஒன்றையும் அதே ஆண்டில் அக்குழுவினர் அறிவித்தனர். ஓட்லேயின் படங்கள் பார்ப்பதற்கு; சென்னின் படங்கள் ஆராய்வதற்கு; இந்தப் படமோ கட்டுவதற்கு.

உண்மையான வேலையில் இது எவ்வாறு நின்றது? மேற்காசியத் தொல்லியல் அகழாய்வுகளுக்கு 'ஏதானா' என்னும் மின்னூலகத்தை அமைக்க முற்பட்டபோது சோதனை வந்தது. ஜோர்தானில் நிம்ரின், உமைரி முதலிய இடங்களில் அகழ்ந்தவர்கள் தங்கள் கண்டுபிடிப்புகளைத் தத்தம் முறையில் பதிந்துவைத்திருந்தனர். ஓர் இடத்துப் பெயரும் பகுப்பும் மற்றோர் இடத்துக்குப் பொருந்தா. பொது நூலகத்துக்கென அமைந்த உறுப்புப்பெட்டியில் மண்ணடுக்குக்கும் எலும்புக்கும் விதைக்கும் இடமில்லை. ஆதலின் தொல்லியலுக்கென்றே புதிய உறுப்புகள் கொண்ட பெட்டியை வகுத்தனர். ஒவ்வோர் அகழாய்வின் படத்தையும் அதில் வரைந்து, பொதுப்படம் ஒன்றோடு ஒப்பிட்டு இணைத்தனர். 'எங்கள் விதையைக் கொண்டுபோய் உங்கள் எலும்புக் கட்டத்தில் வைத்துவிட்டீர்களே' என்று தொல்லியலார் சொல்லக்கூடிய நிலையை அப்படங்கள் உண்டாக்கின.

இவ்வளவு நல்ல கருவி உலகெங்கும் பரவியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அவ்வாறு நிகழவில்லை. ஆராய்ச்சி உலகில் அது பெற்ற மதிப்பு நூலகங்களின் நடைமுறையில் கிட்டவில்லை. காரணம் எளிது. ஆயத்த ஆடை கிடைக்கும்போது அளவெடுத்துத் தைப்போர் குறைவர். நியூசிலாந்து நாட்டு வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்த 'கிரீன்ஸ்டோன்', 2002-இல் எம்.ஐ.டி. நூலகமும் ஹ்யூலெட்-பாக்கார்டு நிறுவனமும் வெளியிட்ட 'டீஸ்பேஸ்' போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைத்தன. நிறுவினால் நூலகம் எழுந்தது. இதை நான் குறையாகக் கூறவில்லை. பொருள் வளம் குன்றிய நிலையங்களுக்கு அவை பெருந்துணை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் 'சோத்கங்கா' இயங்குவதும் டீஸ்பேசின் மீதே.

எனினும் ஆயத்த ஆடையிலும் தையற்காரரின் அளவு ஒன்று உண்டு. டீஸ்பேசுக்குள்ளும் ஒருவர் வரைந்த படம் இருக்கிறது. பிரிவு, பிரிவினுள் தொகுதி, தொகுதியினுள் உருப்படி, உருப்படிக்குள் கோப்பு என்பது அப்படம். சோத்கங்காவைத் திறந்து பல்கலைக்கழகம், அதனுள் துறை, அதனுள் ஆய்வேடு என்று கீழிறங்கிச் செல்லும் கல்லூரி மாணவர் அறியாமலே அப்படத்தின் கோடுகளில்தான் நடக்கிறார். ஆய்வேட்டுக்கு அது நன்கு பொருந்துகிறது. ஓர் ஆய்வேடு, ஒரு மாணவர், ஒரு துறை.

ஓலைச்சுவடியை அதனுள் வைத்துப் பாருங்கள். ஒரே கட்டில் மூன்று நூல்கள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதுண்டு. ஒரு நூலின் முற்பகுதி ஒரு கட்டிலும் பிற்பகுதி வேறொரு கட்டிலும் கிடப்பதும் உண்டு. உருப்படி எது? கட்டா, நூலா? இதை முன்னரே வரைந்து பார்க்காத நிலையத்தில், பணியாளர் கட்டு முழுவதையும் ஒளிப்படம் எடுத்து, முதல் ஏட்டில் கண்ட பெயரை இட்டு, ஓர் உருப்படியாகச் சேர்த்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்குத் தரப்பட்ட கட்டம் அது ஒன்றே. பின்னர் ஒரு நாள் அக்கட்டின் மூன்றாவது நூலைத் தேடி ஒரு மாணவி அதன் பெயரைப் பொறிப்பாள். அப்பெயரில் எதுவும் இல்லை என்று திரை கூறும். ஏடு அதே கணிப்பொறியில், முதல் நூலின் பெயருக்குப் பின்னால், தெளிவான படமாகக் கிடக்கும்.